வலப்பக்கத்துச் சிவப்புப் பட்டன்

"வயர முழுசா வெட்டிராத. வெட்டினா அவருக்குத் தெரிஞ்சிரும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க, அண்ணி?"

"சில நேரம் வேலை செய்யணும். சில நேரம் செய்யக் கூடாது. அது எப்பன்னு எனக்கு மட்டும்தான் தெரியணும்."

"அப்படி ஒரு பட்டன் உலகத்துலயே கெடையாது."

"என் கடைக்கு வந்து ஒரு நாள் உக்காந்து பாரு. அப்படிப்பட்ட பட்டன் மட்டும்தான் ரிப்பேருக்கு வருது."

துஷாந்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். அவன் சிரித்தால் அண்ணியும் சிரிப்பாள்; சிரித்தால் அவளுடைய கீழுதட்டில் காய்ந்திருந்த வெடிப்பு மறுபடி திறந்துகொள்ளும்.

அண்ணி சஞ்சீவனி கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் ஒரு ஃபோன் கடையில் பழுது பார்ப்பவள். துஷாந்த் அவளுடைய கணவன் திலீபனின் தம்பி. வீடுகளுக்கு சீலிங் அடிக்கப் போகிறவன். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் இருவரும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஒரு பிளைவுட் பலகை குப்புறக் கிடந்தது. அதன் மேற்பக்கத்தில் இரண்டு பேர் நின்று விளையாட இரண்டு ஜொய்ஸ்டிக்குகளும் இரண்டு வரிசைப் பட்டன்களும் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்த அடிப்பக்கத்தில் சிவப்பும் கறுப்புமாக வயர்கள். வயிறு கிழித்துத் திறந்துவைத்த ஏதோ ஒரு பிராணிபோல அது மடியில் கிடந்தது.

அதன் மீதி உடல் மூலையில் நின்றது. ஆள் உயரம், டீவி வைக்க வெட்டிய சதுர ஓட்டை, இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும் கனத்த பலகைகள். முன்பு டவுனில் காசு போட்டு விளையாடும் கடைகளில் நின்ற கேம் மெஷின்களைப் பார்த்து இவர்களே வீட்டில் செய்துகொண்டிருந்த ஒன்று. இன்னும் முகம் வராத ஒரு மனிதன் சுவரைப் பார்த்து நிற்கிற மாதிரி இருந்தது.

"கோர்ட்டுலருந்து எப்ப வருவாரு?" என்றாள் சஞ்சீவனி.

"இன்னைக்கும் வேற தேதிக்குத் தவணைதான் குடுப்பாங்க. மதியத்துக்குள்ள வந்துருவாரு."

"அப்ப அந்த ஸ்க்ரீன் கார்ட எடு."

கடையிலிருந்து அவள் கொண்டுவந்த பழைய ஸ்க்ரீன் கார்ட் ஒன்று, ஃபோன் முகத்தில் ஒட்டும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. அதிலிருந்து நகத்துண்டு அளவில் ஒரு பிறையை வெட்டினாள். வலப்பக்க வரிசையின் கடைசியில் இருந்த சிவப்புப் பட்டனைக் கழற்றி, அதன் மேல்ஓர விளிம்பின் அடியில் பிறையை ஒட்டி, மறுபடி பொருத்தினாள். நடுவில் அழுத்திப் பார்த்தாள். பட்டன் இறங்கியது, ஆனால் உள்ளே இருந்த சுவிட்ச் சத்தம் போடவில்லை. பிறகு பட்டனின் கீழ்ஓரத்தில், விரல்நுனியால், சாய்த்து அழுத்தினாள்.

'க்ளிக்.'

"பாத்தியா?"

"அண்ணி," என்றான் துஷாந்த். "நீங்க எங்க வீட்டுக்கு வந்திருக்கக் கூடாது. பொலிஸுக்குப் போயிருக்கணும்."

"பொலிஸுக்கா, பொலிஸ்காரியாவா?"

"ரெண்டுக்கும்தான்."

அந்த முறை அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். உதட்டிலிருந்து ஒரு பொட்டு இரத்தம் வயர்களின் மேல் விழுந்தது. துப்பட்டா நுனியால் அதைத் துடைத்தாள். ஈரம் படக்கூடாது, துரு ஏறிவிடும்.

*

திலீபன் கண்டி - மாத்தளை தனியார் பஸ் ஓட்டியவன். போன வருடம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில், தனக்கு முன்னால் போய் ஆள் ஏற்றிய இன்னொரு பஸ்ஸைக் குறுக்கே மறித்தான். அதன் சாரதியை ஜன்னல் வழியாக வெளியே இழுத்துப்போட்டு வீல் ஸ்பேனரால் தாடையில் அடித்தான். இரண்டு பஸ்களிலும் இருந்தவர்கள் ஃபோனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். அந்த மனிதனுடைய பல் ஒன்று பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பட்டு மகாவலி ஆற்றுக்குள் விழுந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். விழுந்ததைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சஞ்சீவனியிடம் பழுதுக்கு வந்த ஃபோன்களில் அந்த வீடியோ இருந்தது. ஸ்க்ரீன் மாற்றி, ஃபோனை உயிர்ப்பித்து, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும்போதெல்லாம் அவளுடைய கணவன் அவளுடைய உள்ளங்கையில் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தான்.

லைசன் பறிபோனது. அதற்கு முன்னும் அவன் அடிக்காதவன் இல்லை. ஆனால் அப்போது கோபத்தின் பெரும்பகுதி மாத்தளை வரைக்கும் போய், வழியிலேயே இறங்கிவிடும். இப்போது அதற்கு இரண்டு அறைகளும் ஒரு குசினியும்தான் இருந்தன. அலுமாரிக் கதவில் ஒரு முஷ்டி அளவு ஓட்டை விழுந்தது. அதன்மேல் காலண்டர் தொங்கியது. கதிரைக்குக் கால் போனது. துஷாந்தின் புருவத்தில் தையல். சஞ்சீவனியின் இடதுகைச் சுண்டுவிரல் அறைக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் நசுங்கி, வளைந்தபடியே ஆறியது. ஒருமுறை பிலிமத்தலாவையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். அன்று மாலையே திலீபன் அங்கே போய் முன்ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உடைத்தான். அக்காவின் புருஷனே அவளுடைய பையை எடுத்துக்கொண்டு அவளை பஸ் ஏற்றிவிட்டார்.

அவனிடம் சந்தோஷமாக ஒரேயொரு ஞாபகம் இருந்தது. சின்ன வயதில், கண்டி மார்க்கட்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த கேம் கடை. இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் விளையாட்டில் அவனை வென்றவன் கிடையாது. "ஒருத்தன் இல்லடா, ஒருத்தன்," என்று சாப்பிடும்போது சொல்வான். அதைச் சொல்லும் நேரம் அவன் கை சும்மா இருக்கும். துஷாந்த் அதைக் கவனித்தான். யாரோ வீட்டிலேயே பிளைவுட்டில் இப்படி ஒரு மெஷின் செய்யும் வீடியோவை ஃபோனில் பார்த்தபோது, முதலில் அண்ணிக்குத்தான் காட்டினான்.

"அடிக்கிறத அதுக்குள்ள அடிக்கட்டும், அண்ணி."

பலகை வாங்க மூவரும் திகனவில் பஹீமின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனார்கள். பஹீம் திலீபனோடு படித்தவன். அந்த மாடிக் கேம் கடைக்கும் கூடவே போனவன்.

"சிப்போர்ட் போதும் மச்சான்," என்றான் பஹீம். "ஊட்டுக்குள்ள வைக்கிற சாமானுக்கு என்னத்துக்கு இந்தத் தடிச்ச பிளைவுட்? தண்ணில போட்டாலும் இதுக்கு ஒன்னும் ஆகாது. படகு செய்யப் போறியா?"

சஞ்சீவனி இரண்டு பலகைகளையும் விரல்மொளியால் தட்டிப் பார்த்தாள். மரத்தூளை அமுக்கிச் செய்த சிப்போர்ட்டைத் தட்டினால் அலுமாரிக் கதவின் சத்தம் வந்தது. பிளைவுட் ஒன்றும் சொல்லவில்லை.

"இதே குடுங்க," என்றாள். உடைக்க முடியாத சாமான் ஒன்றாவது அந்த வீட்டுக்கு வரட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

வெட்டும் வேலையில் திலீபனும் சேர்ந்தான். ஜிக்சோ மெஷினை அவன் பிடித்தால் அது அறுக்கவில்லை, கடித்தது. ஒருமுறை பிளேட் முறிந்து தெறித்தபோது, கையில் இருந்த வெட்டுத்துண்டால் துஷாந்தின் முழங்காலில் அடித்தான். "சரியாப் புடிக்கத் தெரியாதா?" பிறகு மறுபடி பென்சில் கோட்டைக் குனிந்து ஊதி, தூளைப் போக்கி, அழகாக வளைத்து அறுத்தான். கோடு தவறவே இல்லை. பக்கப் பலகைகளுக்கு உட்புறம், தாங்கலுக்கு, ரீப்பைக் கட்டைகளை நெருக்கி நெருக்கி அடித்தது அவன்தான். "யானை வந்து முட்டினாலும் அசையாது," என்றான். அன்று அவன் முகத்தில் மரத்தூள் படிந்து, வயதான சின்னப் பையன்போல இருந்தான்.

அதன் பிறகுதான் அந்த முதல் ஆட்டம். பட்டன்கள் தபாலில் வந்து சேர்ந்ததும், பலகையை மேசையில் வைத்து டீவியோடு இணைத்துப் பார்த்தார்கள். திலீபன் இடப்பக்கம் நின்றான். மொட்டைத் தலை மல்லன் ஒருவனை எடுத்தான். வலப்பக்கம் சஞ்சீவனி, ஒற்றைக்கண் பெண்ணொருத்தி அவளுக்கு வந்தாள். அவள் இதற்கு முன் இப்படி விளையாடியதில்லை. ஆனால் நாள் முழுக்க எறும்புத்தலை அளவு ஸ்குரூக்களோடு பழகிய விரல்கள். ஒற்றைக்கண்காரியின் பெரிய உதை எந்த நேரத்தில் பாயவேண்டும் என்பது விரல்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மல்லன் பறந்து விழுந்தான். மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தான்.

"அடியம்மா!" என்று திலீபன் சிரித்தான். சிரித்துக்கொண்டே, சிரிப்பு முடிவதற்குள், புறங்கையால் அவளுடைய வாயில் அடித்தான்.

அந்தக் காயம் ஆறுவதற்குள்தான் இந்தப் பிறையை வெட்டினாள்.

"இன்னொன்னு," என்றான் துஷாந்த், கொட்டகையில் அவள் பலகையைத் திருப்பிக் கொடுத்தபோது. "அண்ணன் பட்டன்ல குத்துற குத்துக்கு ஸ்குரூ மட்டும் தாங்காது. பலகை ஒரு வாரத்துல பேந்து வந்துரும்."

"பேந்தா உள்ள பாப்பாரு."

"அதான். பைண்டர் கம் பூசி இறுக்கிருவமா?"

"இறுக்கிரு," என்றாள் சஞ்சீவனி. "நல்லா இறுக்கிரு."

அந்த நேரம் அது புத்திசாலித்தனமாகவே பட்டது. இரண்டு பேருமே அவனை எப்படி உள்ளே விடாமல் வைப்பது என்றுதான் யோசித்தார்கள். தாங்கள் எப்படி மறுபடி உள்ளே போவது என்று யோசிக்கவில்லை.

*

மழைக்காலம் முழுவதும் திலீபன் வென்றான்.

மாலையில் அவள் கடையிலிருந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி ஊற்றுவாள். குடித்து முடித்ததும் அவன் மெஷினைப் போடுவான். முன்னறையில், அலுமாரிக்குப் பக்கத்தில், அது நீல ஒளியோடு கண் திறக்கும். மல்லன் ஒற்றைக்கண்காரியைத் தூக்கித் தரையில் அடிப்பான். முடியைப் பிடித்துச் சுழற்றுவான். முதுகெலும்பில் முழங்காலை வைத்து வளைப்பான். அவளுடைய சிவப்பு உயிர்க்கோடு சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போகும்.

தோற்பது இலேசான வேலை இல்லை. சும்மா நின்று அடி வாங்கினால் அவனுக்குச் சந்தேகம் வரும், அதைவிட, ருசிக்காது. ஆகவே முதல் ஆட்டத்தில் கொஞ்சம் முந்திப் போவாள். பட்டனின் கீழ்ஓரத்தைச் சாய்த்து அழுத்தி ஒரு பெரிய உதை கொடுப்பாள். "ஓஹோ," என்பான் அவன், முன்னால் குனிந்து. பிறகு அவள் நடுவில் அழுத்துவாள், எல்லோரும் பார்க்கும்படி, வேகமாக, பலமுறை. ஒற்றைக்கண்காரி அசையமாட்டாள். சரியான நேரத்தில் காலைத் தூக்க மறந்துபோன ஒரு பெண்ணைப்போல அவள் நிற்பாள். மல்லன் வருவான்.

"பதட்டப்படுற, சஞ்சீ," என்று அவன் சொல்லிக்கொடுப்பான். "பட்டனப் போட்டு அமத்திக்கிட்டே இருந்தா ஆகுமா? நேரம் பாத்து அமத்தணும்."

"எனக்கு அந்தளவு வராதுங்க."

"வரும், வரும். பழகப் பழக வரும்."

அந்த நாட்களில் வீட்டில் ஒன்றும் உடையவில்லை. அவன் ஒரு நாள் தேத்தண்ணிக்கு ரோல்ஸ் வாங்கி வந்தான். இன்னொரு நாள் அலுமாரிக் கதவில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த பிளைவுட்டில் ஒரு துண்டு அறுத்து ஓட்டையை அடைத்தான். சஞ்சீவனி தூக்கத்தில் பல்லைக் கடிப்பதை நிறுத்தினாள். ஆனால் விளையாடும்போது அந்தச் சிவப்புப் பட்டனின் நடுப்பகுதியைத் தொடும்போதெல்லாம், உயிர் போன யாருடைய நெற்றியையோ தொடுவதுபோல இருக்கும். கடையில் வேலை செய்யும்போதும் அந்த வழுவழுப்பு விரலில் இருந்தது.

பிறகு திலீபன் சொன்னான்: "ஞாயித்துக்கெழம பஹீம வரச் சொல்லியிருக்கேன். பழைய கணக்கு ஒன்னு பாக்கி இருக்கு. அவனையும் ஒரு கை பாப்போம்."

துஷாந்த் வாயில் வைத்த சோற்றை மென்று முடிக்கவில்லை.

சனிக்கிழமை திலீபன் முடிவெட்டப் போன நேரம், இருவரும் உளியோடு மெஷினின் முன்னால் முழங்காலிட்டார்கள். ஸ்குரூக்கள் கழன்றன. பலகை கழரவில்லை. பைண்டர் கம் பிளைவுட்டையும் பிளைவுட்டையும் ஒரே மரமாக்கியிருந்தது. உளியை விளிம்பில் வைத்து ஒருமுறை தட்டியதுமே கறுப்பு பெயின்ட்டோடு மேல்தாள் பேந்து, உள்மரம் வெள்ளையாகச் சிலும்பியது.

"வேணாம், நிப்பாட்டு! தெரியுது."

"இப்ப என்ன அண்ணி செய்றது?"

"பஹீம் அண்ணன எடது பக்கம் நிக்க வைப்போம்."

"எடது பக்கத்த அண்ணன் யாருக்குக் குடுத்தாரு?"

சிலும்பிய இடத்தில் அவள் தன் கறுப்பு மார்க்கரால் பூசினாள். ஸ்குரூக்களைத் துஷாந்த் திரும்ப முடுக்கினான். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. முழு ஊரும் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருப்பதுபோலச் சத்தம்.

*

பஹீம் ஒரு பெட்டி கேக்கோடு வந்தான். மெஷினைச் சுற்றிவந்து பார்த்தான். பக்கப் பலகையில் கையால் தடவினான்.

"மாஷா அல்லாஹ். நான் குடுத்த பலகையா மச்சான் இது? இப்ப என் கடைக்கே ஒன்னு செஞ்சு தா."

"மொதல்ல வந்து நில்லு."

"பஹீம் அண்ணன் விருந்தாளிதானே," என்றாள் சஞ்சீவனி. "நீங்க இன்னைக்கு வலப்பக்கம் நின்னா என்ன?"

"என் எடம் எதுன்னு அவனுக்குத் தெரியும்," என்றான் திலீபன்.

முதல் ஆட்டத்தில் பஹீம் தோற்றான். இரண்டாவதிலும் தோற்றான். திலீபன் தொடையில் தட்டிச் சிரித்தான். மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் பஹீம் கையை எடுத்துவிட்டு, குனிந்து பட்டனைப் பார்த்தான்.

"டேய் மச்சான், இது வேல செய்யுதில்லயே."

"தோக்குறவன் சொல்ற கததான் அது."

"இல்லடா, இங்க பாரு. செவப்பு. அமத்துறன், ஒன்னுமில்ல. அமத்துறன், ஒன்னுமில்ல." பஹீம் உரக்கச் சிரித்தான். "எதிராளிக்குக் காலக் கட்டிப்போட்டுட்டா நீ ஜெயிக்கிற? நல்ல ஆளுடா!"

சஞ்சீவனி கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"தேத்தண்ணி ஆறுது, பஹீம் அண்ணன்," என்றான் துஷாந்த்.

ஆனால் பஹீமுக்குப் பழைய ஞாபகம் வந்து, அதன் இனிப்பில் அவன் மற்ற முகங்களைப் பார்க்கவில்லை. "அந்த மாடிக் கடையிலயும் இதே கததானே. ஒன்ன யாரும் ஜெயிச்சா படியில வச்சுத் தள்ளிருவாய். இல்ஹாமுக்குக் கை ஒடஞ்சதே, ஞாபகமா? அதுக்குப் பொறவு நாங்க எல்லாரும் பேசி வச்சுத்தான் தோத்தம். இவனுக்குத் தோத்துக் குடுத்துட்டு ஐஸ்கிரீம் குடிக்கப் போவம்." அவன் திலீபனின் தோளில் தட்டினான். "சின்னப் புள்ளயள்தானே மச்சான்."

திலீபனும் சிரித்தான். கேக் சாப்பிட்டான். பஹீமைப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டான். மோட்டார் சைக்கிள் கிளம்பும்வரை கை காட்டினான். பிறகு உள்ளே வந்து, கதவை மூடி, கொண்டியைப் போட்டான்.

"தொற," என்றான் தம்பியிடம். மெஷினைக் காட்டினான்.

துஷாந்த் உளியை விளிம்பில் வைத்து மரச்சுத்தியலால் அடித்தான். பிளைவுட் ஓலமிட்டுக்கொண்டு பிளந்தது. பலகை பேந்து வந்ததும், திலீபன் அதைத் திருப்பி, சிவப்புப் பட்டனைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தான். விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது அந்தப் பிறை. ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு.

"நான்தான் வச்சேன்," என்றான் துஷாந்த்.

"ஒனக்கு ஏதுடா ஸ்க்ரீன் கார்ட்?"

மரச்சுத்தியல் துஷாந்தின் தோளில் இறங்கியது. அவன் மடங்கியபோது திலீபன் முழங்காலால் முகத்தில் இடித்தான். முடியைப் பற்றித் தூக்கி, நிலைக்கட்டையில் தலையை மோதினான். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை, அவசரமில்லாமல், ஆணி அடிக்கிறவன்போல. துஷாந்தின் காதிலிருந்து இரத்தம் கோடாக இறங்கிக் கழுத்துப்பட்டைக்குள் போனது. அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். சஞ்சீவனி குறுக்கே பாய்ந்தபோது, கேக் வெட்டிய கத்தி அவள் கையில் இன்னும் இருந்தது. திலீபன் அதைப் பிடுங்கிச் சுவரோரம் எறிந்தான். அவள் உள்ளங்கை கிழிந்தது.

"போடு," என்றான். "அந்தப் பட்டனத் திரும்பப் போடு."

அவள் போட்டாள். பிறை இல்லாமல். விரல்களில் இரத்தம் வழுக்கியது. பலகையைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தாள்.

"நில்லு. வெளாடு. நெசமா வெளாடு. என்னய ஏமாத்தின, கொன்னுருவேன்."

நீல ஒளி வந்தது. மல்லன் வந்தான். ஒற்றைக்கண்காரி வந்தாள்.

சுவரோரத்திலிருந்து துஷாந்த் உதடுகளை அசைத்தான். சத்தம் வரவில்லை. தோத்துருங்க, அண்ணி. அவளுக்குப் புரிந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பட்டன் சரியாகிவிட்டாலும் தோற்க முடியும். தோற்பதற்கு இந்தக் கண்டியிலேயே அவளைவிடப் பழகிய ஆள் கிடையாது. ஆனால் சிவப்புப் பட்டனின் நடுவில் அவள் விரல் தற்செயலாகப் பட்டது.

'க்ளிக்.'

இறந்துபோயிருந்த இடம் அது. அது இப்போது பதில் சொன்னது. ஒற்றைக்கண்காரி காலைத் தூக்கினாள். மல்லனின் தாடை திரும்பியது. சஞ்சீவனி மறுபடி அழுத்தினாள். மறுபடி பதில் வந்தது. மாதக்கணக்காக யாரோ வாயைப் பொத்தி வைத்திருந்து, இப்போது கையை எடுத்ததுபோல இருந்தது. அவள் விரல்கள் நிற்கவில்லை. மல்லன் விழுந்தான்.

திலீபன் அவளை அறைந்தான். அவள் தலை மெஷினின் விளிம்பில் பட்டுத் திரும்பியது.

"இன்னொன்னு."

அவள் வென்றாள். அவன் வயிற்றில் குத்தினான். அவள் குனிந்து, பித்தநீரைத் துப்பிவிட்டு, நிமிர்ந்து, ஜொய்ஸ்டிக்கைப் பிடித்தாள்.

"இன்னொன்னு."

இந்த முறை அவன் உண்மையாகவே முயன்றான். பற்களைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க, ஆட்டத்துக்குள் முழுதாகப் போய்விட்டான். பஸ்ஸை வளைவுகளில் திருப்பும்போது இருந்த அதே முகம். ஒரு நொடி அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது: அவன் அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. ஒற்றைக்கண்காரி பாய்ந்தாள். அந்த உதையில் மல்லன் திரையின் ஓரம் வரை போய் விழுந்து எழும்பவில்லை.

அவளுடைய கீழுதடு மறுபடி திறந்திருந்தது. வாய்க்குள் உப்பு. கண்ணை மூடி அடிக்குக் காத்திருந்தாள்.

அடி வரவில்லை.

"இத," என்றான் திலீபன், மெஷினின் பக்கத்தில் போய் நின்று. "இதத்தான் மொதல்ல ஒடைக்கணும்."

முழங்கையைப் பின்னால் இழுத்தான். அலுமாரிக் கதவில் குத்திய அதே குத்து. வீட்டில் உள்ள எல்லாமே எப்போதும் அந்தக் கைக்கு வழிவிட்டிருந்தன. முழுப்பலத்தோடு பக்கப் பலகையில் குத்தினான். அவனே நெருக்கி அடித்த ரீப்பைக் கட்டைக்கு நேர் மேலே.

முறிகிற சத்தம் கேட்டது. மூவருமே பலகையைப் பார்த்தார்கள். பலகையில் ஒரு கீறல் கூட இல்லை.

திலீபன் வலதுகையைத் தூக்கிப் பார்த்தான். கை வேறு யாருடையதோபோல இருந்தது. மொளிகள் உள்ளே போயிருந்தன. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. வலி வந்து சேர நேரம் பிடித்தது. வந்ததும் அவன் கத்தவில்லை. காற்றுப் போகும் டயர்போல நீளமாக ஒரு மூச்சு விட்டு, முழங்காலில் விழுந்தான். கதிரையைப் பிடித்து எழும்பப் பார்த்தான். மூன்று காலோடு நின்ற கதிரை அவனோடு சேர்ந்து சரிந்தது.

துஷாந்த் சுவரைப் பிடித்து எழும்பினான். கத்தி கிடந்த இடத்துக்குப் போய், அதைக் குனிந்து எடுத்தான். ஆனால் எடுத்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், கேக் ஒட்டிய அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொண்டியத் தொற," என்றாள் சஞ்சீவனி அவனிடம்.

அவன் கொண்டியை நீக்கினான். கதவு தானாகக் கொஞ்சம் திறந்தது. மழை நின்றிருந்தது. கீழே ரோட்டில் மாத்தளை பஸ் ஒன்று பாலத்தை நோக்கி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அதன் கண்டக்டர் இடங்களின் பெயர்களைக் கூவினான்.

திரையில், தோற்றவனுக்கு மறுபடி விளையாட ஒரு வாய்ப்பு வந்திருந்தது. மல்லன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். அவனுக்கு மேலே பெரிய எண்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

சஞ்சீவனி பையை எடுத்தாள். ஃபோனை எடுத்தாள். உள்ளங்கையைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டினாள். கதவு வரைக்கும் போனபோது, பின்னால் ஏதோ உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

திலீபன் முழங்காலாலேயே நகர்ந்து மெஷினுக்கு வந்திருந்தான். இடதுகையால் விளிம்பைப் பிடித்து எழும்பி, தன்னுடைய பக்கத்தில், இடப்பக்கத்தில், நின்றான். வலதுகை தொடையோரம் தொங்கியது. அதிலிருந்து இரத்தம் பிளைவுட்டில் சொட்டியது. இடதுகையால், ஆட்டத்தைத் தொடர வைக்கும் பட்டனை அழுத்தினான். எண்கள் நின்றன. மல்லன் எழும்பி நின்றான். எதிரில் ஒற்றைக்கண்காரி, ஒருவரும் பிடிக்காத ஜொய்ஸ்டிக்கோடு, மேலும் கீழுமாக மூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, படியில் தள்ளிவிடுவேன் என்று ஒருவரையும் மிரட்டத் தெரியாத ஒரு குரலில் சொன்னான்:

"சஞ்சீ... வந்து நில்லு. ஒரே ஒரு ஆட்டம். தெரிஞ்சே தோத்துக் குடு."